அழுக்குப் பிரதி

பெயரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஓல் டர்ட்டி பாஸ்டர்ட். ஹாங்காங் குங்ஃபூ படமொன்றின் தலைப்பிலிருந்து எடுத்துக்கொண்டது. இதைத் தமிழில் வைத்துப் பார்த்தால் வசை வந்துவிடுகிறது, அர்த்தம் வருவதில்லை. வூ-டாங் க்ளான் குழுவின் முதல் தட்டில் (1993) ஒரு பேட்டித் துண்டு வரும். குழுவைச் சேர்ந்த மெத்தட் மேன் அதில் இந்தப் பெயருக்கு உரை சொல்கிறார்: இவனுடைய பாணிக்குத் தகப்பன் கிடையாது. ஆக, ரஸ்ஸல் டைரோன் ஜோன்ஸ் என்ற புரூக்ளின்காரரின் (1968-2004) குடும்ப வரலாறு அல்ல இது. அவருக்குத் தாயும் தகப்பனும் இருந்தார்கள். இது ஓர் அழகியல் பிரகடனம். முன்னோர் இல்லை, பரம்பரை இல்லை, எனக்கு நானே மூலம் என்ற உரிமை கோரல். நவீனத்துவத்தில் ஊறிய நமக்கு இந்தக் குரல் புதிதல்ல. ஆனால் இதைச் சொன்னவனின் தட்டைக் கேட்கும்போது பிரகடனம் பொய்யாகிறது. அது பொய்யாகும் விதம்தான் என்னை அதற்கு அருகில் இத்தனை நாள் வைத்திருக்கிறது.

1995 மார்ச்சில் எலெக்ட்ரா வெளியிட்ட அவருடைய முதல் தனித் தட்டு ‘ரிட்டர்ன் டு த 36 சேம்பர்ஸ்: த டர்ட்டி வெர்ஷன்’. இனி, ரஸ்ஸல் ஜோன்ஸ் என்ற மனிதரை ‘அவர்’ என்றும், தட்டில் பேசுகிறவனை ‘அவன்’ என்றும் எழுதுகிறேன். தமிழ் தரும் இந்த வசதியை விட்டுவிட மனமில்லை. இருவரையும் ஒருவராக்கிச் சிரித்ததுதான் இந்தத் தட்டுக்கு நேர்ந்த பெரிய அநியாயம் என்பது என் கட்சி.

தலைப்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். லாவ் கார்-லியுங் 1978ல் எடுத்த ஷாவோலின் படத்தில் கதாநாயகன் முப்பத்தைந்து பயிற்சிக் கூடங்களைக் கடந்து, முப்பத்தாறாவதை வெளியுலகத்துக்காகத் திறக்கிறான். க்ளானின் முதல் தட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1980ல் வந்த ‘ரிட்டர்ன்’ படம் வேறு மாதிரி. முதல் படத்தில் உண்மைத் துறவியாக நடித்த அதே கோர்டன் லியு இதில் துறவி வேஷம் போடும் எத்தன். அடிபட்டு அம்பலமாகி மடத்துக்கு ஓடுகிறான். அவனைச் சிஷ்யனாக ஏற்பதில்லை. சாரம் கட்டச் சொல்கிறார்கள். சாரத்தின் மேல் நின்றபடி உள்ளே மற்றவர்கள் பயில்வதைப் பார்த்து, மூங்கிலைக் கட்டிக் கட்டி, தனக்கே தெரியாமல் வித்தை கைவந்தவனாகிறான். ரஸ்ஸல் ஜோன்ஸ் இந்த வித்தியாசத்தை எண்ணித் தலைப்பு வைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. மடத்தில் சேர்க்கப்படாத எத்தன், கோமாளி வேஷத்துக்குள் வித்தை முழுவதையும் வைத்திருப்பவன் - இதைவிடப் பொருத்தமான படிமம் இந்தத் தட்டுக்கு இல்லை.

வித்தை என்றேன். அதை நிரூபித்தாக வேண்டும். ஏனெனில் அவனை ரசிப்பவர்களில் பெரும்பாலோர் ரசிப்பது வித்தையின்மையைத்தான். குடிகாரன் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டான், என்ன வருகிறதோ வரட்டும் என்று. ராப் என்பது நாலு அடித் தாளக்கட்டில் பேச்சை நிறுத்தும் கலை. நல்ல ராப்காரன் இயைபை அடியின் மேல் வைப்பான். இன்னும் நல்லவன் அடிக்குச் சற்று முன்போ பின்போ வைத்து, கேட்பவனை ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்துவான். இவன் செய்வது வேறு. வரியைச் சரியாகத் தொடங்குகிறான். நடுவில் ஒரு சொல்லைப் பிடித்து இழுக்கிறான். இழுத்ததில் பேச்சு பாட்டாகிறது, சுருதி சேராத பாட்டு. குரல் நடுங்குகிறது. அது அழுகையா கிண்டலா என்று தீர்மானிப்பதற்குள் மிச்சமுள்ள சொற்களை ஒரே மூச்சில் கொட்டி, வரியின் கடைசி அசையை அடியின் மேல் உட்கார வைத்துவிடுகிறான். தள்ளாடுகிறவன் விழுவதில்லை. விழாமல் தள்ளாடுவது எத்தனை கஷ்டம் என்பது நடிகர்களுக்குத் தெரியும்.

‘புரூக்ளின் ஸூ’வைக் கேளுங்கள். ட்ரூ மாஸ்டரும் அவரும் சேர்ந்து அமைத்தது. பல்லவி, சரணம் என்று பங்கு போட்டுத் தரும் வழக்கமான உபசாரம் இதில் இல்லை. நீண்ட ஒரே வசை ஓட்டம்; அது தீர்ந்த பிறகு ஒரு மிரட்டல் வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. சொற்கள் அதேதான். ஒவ்வொரு தடவையும் அழுத்தம் வேறு அசைக்கு நகர்ந்திருக்கும். ‘ஷிம்மி ஷிம்மி யா’ இன்னும் துணிச்சலானது. ரிஸா போட்டுக் கொடுத்திருப்பது சிறுபிள்ளை விரல்விட்டுத் தட்டியது போன்ற ஒரு பியானோத் துணுக்கு, அவ்வளவுதான். அதன் மேல் ஒரு பத்தி பாடுகிறான். பிறகு குரல் பின்னோக்கி ஓடுகிறது. பிறகு பாடிய அதே பத்தி திரும்ப வருகிறது. இரண்டாவது பத்தி எழுதச் சோம்பல் என்று இதைச் சொல்லலாம், சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முதல் தடவை கேட்கும்போது சொற்களைத் துரத்துகிறோம். தலைகீழாக ஓடும்போது சொற்கள் போய், குரலின் தசை மட்டும் மிஞ்சுகிறது. மூன்றாவதாக அதே பத்தி வரும்போது நாம் சொற்களைக் கேட்பதில்லை, தசையைக் கேட்கிறோம். அர்த்தத்திலிருந்து ஒலியைப் பிரிக்க ஐரோப்பியக் கவிகள் அறிக்கைகள் எழுதினார்கள். இங்கே அது வானொலிப் பாட்டுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

(இதைப் படித்ததும் நம்மவர்களில் சிலருக்கு வசைகவி மரபு, சித்தர் மரபு என்று கை நீட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நம்மிடம் இல்லாத ஒன்றைப் பார்த்தவுடன் அது நம்மிடம் ஆயிரம் வருஷமாக இருக்கிறது என்று சொல்வது நம் விமர்சனத்தின் தீராத வியாதி.)

ரிஸாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பழைய ஸோல் தட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி, கீறலும் தூசியும் போகாமல், சில இடங்களில் சுருதி ஒன்றுக்கொன்று உரசும்படியே விட்டு அடுக்குகிறவர் அவர். துண்டு மாறாமல் சுழன்றுகொண்டே இருக்கும். வேறொரு ராப்காரனுக்கு இது அலுப்புத் தரும் வறுமை. இவனுக்கு இதுதான் தேவை. கீழே எதுவும் அசையாமலிருந்தால்தான் மேலே இத்தனை ஆட்டம் ஆட முடியும். ரிஸா, ஜிஸா, ரஸ்ஸல் ஜோன்ஸ் மூவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். க்ளான் பிறப்பதற்கு வெகு முன்பே ஒன்றாக ராப் பயின்றவர்கள். ‘டேமேஜ்’ பாட்டில் ஜிஸாவும் இவனும் ஒரே வரியை ஆளுக்குப் பாதியாக வாங்கிக் கொடுக்கும் வேகத்தைக் கேட்டால், அது பழைய ராப் ஜோடிகளின் ஒத்திகைப் பழக்கம் என்பது உடனே தெரியும். இந்தப் பக்குவம் ஒரு நாள் போதையில் வருவதல்ல. ‘கட்டின் ஹெட்ஸ்’ பாட்டில் ரிஸாவோடு வருவதும் இதே சகோதர விளையாட்டு. தகப்பன் இல்லை என்று அறிவித்தவன் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் திண்ணை முழுக்க உறவுக்காரர்கள்.

உறவுக்காரர்கள் மட்டுமில்லை. தட்டின் முகவுரை நாலரை நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. பாட்டே இல்லை. மேடை அறிவிப்பாளன் தோரணையில் தன்னைத்தானே அறிமுகப்படுத்துகிறான். திடீரென்று தொண்டை அடைக்கிறது. தனக்கு வந்த பால்வினை நோயைப் பற்றித் தியாகிகளுக்கான குரலில் உருகுகிறான். அடுத்து, ரோபர்ட்டா ஃப்ளாக் பாடிப் பிரசித்தமான ஒரு காதல் பாட்டின் மெட்டை எடுத்து, இங்கே எழுத முடியாத காரியத்துக்கு அதைப் பொருத்துகிறான். ரிச்சர்ட் ப்ரையர், ரூடி ரே மூர் போன்ற கறுப்பு ஹாஸ்யக்காரர்களின் இரவுவிடுதித் தட்டுகளைக் கேட்டவர்களுக்கு இந்தப் பேச்சின் வம்சாவளி தெரியும். மாதாகோவில் பிரசங்கமும் அதில் இருக்கிறது. கேலி என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் காதல் பாட்டின் மெட்டை அவன் உண்மையாகவே நேசிக்கிறான்; குரல் அங்கே காட்டிக்கொடுக்கிறது. ‘ட்ரங்க் கேம்’ முழுவதுமே இப்படித்தான்: ஸோல் பாடகனாகும் ஆசை, அதற்குரிய குரல் இல்லை, இல்லாத குரலால் அதைப் பாடியே தீருவது.

‘கோயின் டவுன்’ பாட்டில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. தொண்டையிலிருந்து நீளமாக எழும் ஓர் உறுமலில் தொடங்குகிறது. பாட்டின் போக்கில் ஒரு பெண் அவனைத் திட்டத் தொடங்குகிறாள். நடிப்புக் குரலாக அது ஒலிக்கவில்லை. அவள் கத்தக் கத்த, இவன் வானவில்லுக்கு அப்பாலுள்ள தேசத்தைப் பற்றிய பழைய சினிமாப் பாட்டைக் கோணலாகப் பாடுகிறான். முதலில் சிரிப்பு வருகிறது. இரண்டாம் முறை, அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது காதில் விழுகிறது. தட்டு நெடுகப் பெண்கள் வசைப்பொருளாகவே வருகிறார்கள்; அதை மழுப்புவதற்கு எனக்கு இஷ்டமில்லை. கலை என்பதற்காகக் கழுவிவிட முடியாத இடங்கள் அவை. ஆனால் இந்த ஒரு பாட்டில் அவள் திருப்பிப் பேசுகிறாள். அவனிடம் பதில் இல்லை, பாட்டு மட்டும் இருக்கிறது. தன் தோல்வியைத் தட்டில் விட்டுவைத்திருக்கிறான். அதை வெட்டி எறிய ஒரு பொத்தான் போதும், வெட்டவில்லை.

இப்போது அட்டைக்கு வருவோம். தட்டின் முகப்பு, நியூயார்க் அரசு ஏழைகளுக்குத் தரும் நலநிதி அடையாள அட்டை. சடைகள் திசைக்கொன்றாக நிற்கும் புகைப்படம், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தப் பெயர். 1976 தேர்தல் பிரசாரத்தில் ரேகன் நலநிதியில் கார் சவாரி செய்யும் பெண்ணின் கதையை ஊர் ஊராகச் சொல்லி ஒரு கேலிச் சித்திரத்தைத் தேசத்தின் மனசில் பதித்திருந்தார். அந்த அட்டை அவமானத்தின் சின்னமாகி இருபது வருஷம். அதை முகமாகவே மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தது இந்தத் தட்டு. ‘கலை எதிர்ப்பாக இருக்க வேண்டும்’ என்று எழுதிக்கொண்டிருப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். இதில் கோஷம் இல்லை. கூச்சம் இல்லை, அவ்வளவே.

ஆனால் அடுத்து நடந்தது வேறு. தட்டு விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம் வரை ஏறியது. அந்த நாட்களில் எம்டிவி படக்கருவியைக் கூட்டிக்கொண்டு, குழந்தைகளுடன் லிமோசின் காரில் போய் இறங்கி, 375 டாலர் நலநிதிக் காசோலையை மாற்றி உணவு முத்திரைகளை வாங்கினார் ரஸ்ஸல் ஜோன்ஸ். ரேகனின் கேலிச் சித்திரம் அப்படியே உயிர்பெற்றுக் காரிலிருந்து இறங்கியது. அது ஒளிபரப்பான பின் அவருடைய உதவி நிறுத்தப்பட்டது. மறு வருஷம், 1996 ஆகஸ்டில், க்ளின்டன் நலநிதிச் சட்டத்தையே வெட்டிச் சுருக்கினார். ஒன்று இன்னொன்றால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அத்தனை பெரிய சக்தி ராப்காரனுக்குக் கிடையாது. நான் சொல்வது வேறு. முகப்பு அட்டையில் இருந்தவன் ‘அவன்’. காரிலிருந்து இறங்கியது ‘அவர்’. முதலாவதில் ஒரு கலைஞனின் தேர்வு இருக்கிறது. இரண்டாவதில் படக்கருவி வேண்டிக் கேட்டதை மனிதர் தந்துவிட்டார். தேர்ந்தெடுத்துப் போட்ட வேஷம், பிறகு வெளியிலிருந்து விலை பேசிக் கேட்கப்படும் வேஷமாகிறது. இந்தக் கோட்டை எந்த இடத்தில் தாண்டினார் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிற சந்தர்ப்பங்கள் கலையுலகில் அபூர்வம்.

1998 கிராமி விருது மேடையில் ஷான் கோல்வின் பரிசு வாங்க வந்தபோது குறுக்கே ஏறி, தங்களுக்குப் பரிசு கிடைக்காததையும் தன் புது உடுப்பின் விலையையும் சொல்லிவிட்டு இறங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். 1999ல் இரண்டாவது தட்டு. அதில் நெப்ட்யூன்ஸ் அமைத்த, கெலிஸ் பாடும் பல்லவியோடு வந்த ‘காட் யுவர் மணி’ எங்கும் ஒலித்தது. கெட்டிக்காரத்தனமான பாட்டு. தட்டின் மற்ற இடங்களில் கிறுக்கு இன்னும் அதிகம். ஆனால் முதல் தட்டில் அடிக்கு வந்து சேர்ந்த கடைசி அசை இதில் பல இடங்களில் வந்து சேர்வதில்லை. இதையும் சிலர் மேலான சுதந்திரம் என்றார்கள். நான் கேட்பது, தள்ளாடுகிற நடிகன் நிஜமாகவே விழத் தொடங்கும் சப்தம். 2000ல் நீதிமன்றம் அனுப்பிய சிகிச்சை விடுதியிலிருந்து தப்பித் தலைமறைவாக இருந்தபடியே க்ளானின் நியூயார்க் மேடையில் தோன்றினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. சில நாட்களில் பிலடெல்பியாவில் பிடிபட்டார். சிறை. 2003ல் விடுதலை. 2004 நவம்பர் 13 அன்று மன்ஹாட்டனில், ரிஸாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில், கொக்கெய்னும் வலிமருந்தும் சேர்ந்து உயிரை வாங்கின. முப்பத்தாறு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. அந்த எண்ணில் அர்த்தம் தேடுகிறவர்கள் தேடட்டும்.

‘நிஜமான பைத்தியம்’ என்று புகழ்ந்தவர்கள் அவரிடம் தொடர்ந்து கேட்டது ஒரே சாமானைத்தான். அந்தப் புகழ்ச்சியில் ஓர் இனச் சரித்திரமும் ஒளிந்திருக்கிறது: கறுப்பனுக்கு உள்ளுணர்வு, வெள்ளையனுக்கு உத்தி. பியானோ முன் முனகினால் க்ளென் கூல்டு மேதை. இவன் முனகினால் அது வியாதி, அதனாலேயே ரசிக்கத்தக்கது.

‘த டர்ட்டி வெர்ஷன்’ என்ற துணைத் தலைப்பு தட்டுக் கம்பெனிகளின் பரிபாஷை. வானொலிக்குக் கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்ட ‘சுத்தமான’ பிரதி, மற்றவர்களுக்கு அழுக்குப் பிரதி. இவனுடையதைச் சுத்தம் செய்து கேட்டால் சொற்களுக்கிடையே ஓட்டைகள் விழும். அந்த ஓட்டைகளிலும் மூச்சு கேட்கும். தட்டின் பிற்பகுதியில் ‘புரூக்ளின் ஸூ 2’ வருகிறது, ஏழு நிமிஷத்துக்கு மேல். அதன் நடுவில், அதுவரை கேட்ட பாட்டுகள் துண்டு துண்டாகத் திரும்புகின்றன, யாரோ நாடாவைப் பின்னுக்கும் முன்னுக்கும் ஓட்டிப் பார்ப்பதுபோல. ஒவ்வொரு துண்டும் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். சரியாக அடியின் மேல்.