வாய்விட்டுப் படிப்பவர்களுக்கு இந்தப் பட்டை உதவாது

நெற்றியில் கட்டிக்கொண்டால் மூளையின் மின்னலைகளைப் படித்து, வேலையில் எவ்வளவு நேரம் ஆழ்ந்திருந்தோம் என்று மதிப்பெண் போடும் பட்டைகள் இப்போது பல வந்துவிட்டன. எடை, பேட்டரி, ப்ளூடூத் எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும். அவற்றில் எனக்குக் குறையில்லை. சிவகாசி அச்சகம் ஒன்றில் தினசரி காலண்டருக்கு ப்ரூஃப் பார்க்கும் நான், சில வாரங்களாக அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானபின் எங்கள் மேசையில் மூச்சுவிட நேரமிருக்காது. ராகு காலம், எமகண்டம், குளிகை, திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம் என்று ஒவ்வொரு தாளிலும் அத்தனை விவரம். புதன்கிழமை ராகு காலம் 12 முதல் 1.30. அந்த இடத்தில் வியாழனுக்குரிய 1.30 முதல் 3 ஏறிவிட்டால் கண் சட்டென்று பிடிக்காது, இரண்டிலும் 1.30 இருக்கிறதே. அதனால்தான் ஒருவர் மூலப்பிரதியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் முணுமுணுத்தபடி விரல் வைத்துச் சரிபார்ப்போம். வேலை பிடிபட்டுவிட்டால் டீ ஆறுவது தெரியாது. பக்கத்து கட்டிங் மெஷின் சத்தம்கூடக் காதில் ஏறாது.

அந்த நேரங்களுக்குத்தான் பட்டை மிகக் குறைந்த மதிப்பெண் போடுகிறது. தாளை ஓரம் வைத்துவிட்டுச் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் எண் ஏறுகிறது!

காரணம் புரியாததல்ல. தலைக்கு வெளியே கிடைக்கும் மூளையலை மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். தாடையும் புருவமும் அசையும்போது தசையிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு. பசை தடவாமல் ஒட்டும் உலர் முனைகளில், எங்கள் ஊர் வெயிலின் வியர்வையும் சேர்ந்துகொள்கிறது. மனிதத் தலையில் இந்த அலைகளை ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் பதிவு செய்தது 1924இல். அவர் கண்ட ஆல்ஃபா அலை ஓங்குவதே கண்மூடி ஓய்ந்திருக்கும்போதுதான். அசைவின்மையை அளந்துவிட்டு அதற்கு ஆழ்ந்த கவனம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்காதது அந்த மணி. கவனம் குறைந்ததாகப் பட்டைக்குத் தோன்றினால் போன் ஒலிக்கும். எண் வரிசையின் நடுவே அது ஒலித்தால் தாளை முதலிலிருந்து படிக்க வேண்டும். வேலையில் மூழ்கும் நிலையை ஆராய்ந்த சிக்சென்ட்மிஹாயியும் 1970களில் பேஜர் கொடுத்து மனிதர்களை இடைமறித்தார். ஆனால் என்ன செய்துகொண்டிருந்தாய், எப்படி உணர்ந்தாய் என்று அவர்களையே கேட்டார். இது கேட்பதே இல்லை.

எங்களிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. முதல் வாசிப்பில் தப்பிய பிழைகள் இரண்டாம் வாசிப்பில் எத்தனை அகப்படுகின்றன என்பது. மூழ்கிப் படித்த தாள்களில் அது மிகக் குறைவு. அதே தாள்களுக்குத்தான் பட்டையின் செயலி கவனச்சிதறல் என்று சிவப்புக் கோடு போட்டிருந்தது.

அசையாமல் அமர்ந்து தியானம் செய்பவர்கள் தாராளமாக வாங்கலாம். தசை இரைச்சல் புகுந்த நேரத்தைச் சிதறல் என்று எழுதாமல் ‘அளக்க முடியவில்லை’ என்று காட்டுவது மென்பொருளிலேயே செய்யக்கூடியது. அந்தத் திருத்தம் வரும்வரை ப்ரூஃப் மேசைக்கு இதை வாங்காதீர்கள்.