டாக்ஸியும் இரண்டு எண்ணும்

ஒரு வரிசையில் பத்தாயிரம் எண்கள். எந்த இரண்டைக் கூட்டினால் கேட்ட தொகை வரும்? கூகுள், அமேசான் போன்ற நிறுவனங்களின் இன்டர்ன்ஷிப்புக்குத் தயாராகும் மாணவர்கள் அநேகமாக முதலில் போட்டுப் பார்க்கும் கணக்கு இது. பெயர் 'டூ சம்'. ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஐந்து கோடி ஜோடிகள். கடந்து வந்த எண்களை, தேடினால் சட்டென்று கிடைக்கும்படி ஒரு ஹாஷ் மேப்பில் போட்டுக்கொண்டே போனால், வரிசையை ஒருமுறை கடந்தாலே விடை கிடைத்துவிடும். முக்கால் மணி நேர இன்டர்வியூவில் விடைக்கு மட்டும் மார்க் இல்லை. ஒரே எண் திரும்ப வருமா என்று முதலில் கேட்கிறாரா, சுமாரான வழியைச் சொல்லிவிட்டு அதைச் செப்பனிடுகிறாரா, எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்க்காமலே பிழையைப் பிடிக்கிறாரா என்பதெல்லாம் கவனிக்கப்படும்.

தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் பக்கத்துப் பிள்ளைக்கு இந்த முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டில் வாழைத் தோட்டமா, பாத்திரக் கடையா, யார் சிபாரிசு என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. பழகுவதற்கு லீட்கோட் இணையதளத்தில் ஏராளமான கணக்குகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முன்பு இருந்த வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்கிற மாதிரி விடுகதைகள் நேரவிரயம் என்று 2013-ல் ஒப்புக்கொண்டவர், கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக்தான்.

ஆனால் கேள்வி நியாயமாக இருந்தால் மட்டும் போதுமா? அதைக் கேட்கும் அறைக்குள் நுழைய வேண்டுமே. பெரிய நிறுவனங்கள் கேம்பஸ் தேர்வுக்கு ஐஐடி, என்ஐடி, கிண்டி என்று பொறுக்கி எடுத்த சில கல்லூரிகளுக்கே போகின்றன. திருச்செந்தூரிலோ கோவில்பட்டியிலோ படிப்பவர் வெளியிலிருந்து விண்ணப்பித்து, ரெஸ்யூம் கண்ணில் படுமா என்று காத்திருக்க வேண்டும். இந்த முறையின் பெரிய ஓட்டை கேள்வித்தாளில் இல்லை, வாசலில் இருக்கிறது.

உள்ளே போனவருக்கும் சிக்கல் உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரே கணக்கைச் சிலர் தனி அறையில் போட்டார்கள். மற்றவர்கள், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார்கள். பார்க்க ஆள் இருந்தபோது திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. தனி அறையில் பெண்கள் அத்தனை பேரும் தீர்த்தார்கள். ஆள் முன்னால் போட்ட பெண்களில் ஒருவர்கூடத் தீர்க்கவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அளக்கப்படுவது அறிவா, கூச்சமின்மையா என்ற சந்தேகத்தை அது சும்மா விடவில்லை.

வாய்விட்டு யோசிப்பது என்றால் இங்கே ஆங்கிலத்தில் யோசிப்பது. ஹாஸ்டலில் இதே கணக்கு எப்படித் தீர்கிறது? "ஏல, ரெண்டு லூப் எதுக்கு? பாத்தத எல்லாம் மேப்ல போட்டுட்டே போ." இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. அதே மாணவர் கேமரா முன்னால் ஆங்கில வாக்கியம் தேடித் தடுமாறினால், 'கம்யூனிகேஷன் போதாது' என்று குறிப்பு விழும்.

இதற்கு மாற்றாக ஒரு முறை பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ, ப்ளஸ் டூ, டிப்ளமோ படித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் நடத்துகிறது. பட்டதாரிகளை வேலைக்கு எடுக்கும் அதன் தேர்வில், சின்னச் சின்ன புரோகிராம்களுக்குப் பிறகு ஏறக்குறைய மூன்று மணி நேரச் சுற்று ஒன்று வரும். மாணவர்களிடையே வருடக்கணக்காகக் கைமாறும் மாதிரிக் கேள்வி கால் டாக்ஸி. ஏ முதல் எஃப் வரை ஆறு நிறுத்தங்கள். அடுத்தடுத்த நிறுத்தங்களுக்கு இடையே 15 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். முதல் 5 கிலோமீட்டருக்கு 100 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 10. அருகில் இரண்டு டாக்ஸி காலியாக இருந்தால் குறைவாகச் சம்பாதித்ததற்கே சவாரி. ஏ-யிலிருந்து பி-க்கு 200 ரூபாய் என்று சொல்ல எவராலும் முடியும். பத்துப் பயணிகள் ஒரே நேரத்தில் அழைத்தாலும் குழம்பாத புரோகிராம் எழுதுவதில்தான் ஆளின் கைவரிசை தெரியும். வேலைக்குச் சேர்ந்தபின் செய்யப்போவதும் ஏறக்குறைய இதுதான்.

அதற்காக இதைத் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை. டாக்ஸிக் கேள்வியையும் மனப்பாடம் செய்து வருகிறார்கள். ஒவ்வொருவர் எழுதியதையும் உட்கார்ந்து படிக்க அனுபவசாலிகள் தேவை; லட்சக்கணக்கில் விண்ணப்பம் குவியும் நிறுவனம் அதற்குத் தயங்கும். ஆன்லைன் தேர்வு வைத்து வடிகட்டுவது மலிவு. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் பாலம் சேதமாகி, கரண்டும் செல்போன் சிக்னலும் இல்லாமல் ஊர் நாள்கணக்கில் கிடந்தது. தேர்வு லிங்க்குக்கு இதெல்லாம் தெரியாது. மறுதேதி கேட்க ஒரு வழி வேண்டும். பல அழைப்புகளில் அது கண்ணில் படுவதே இல்லை.

இப்போது ஏஐ வந்து ஆன்லைன் முறையையே ஆட்டிவிட்டது. 2025-ல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர், திரையில் மறைந்திருந்து விடை சொல்லும் மென்பொருளைத் தயாரித்து, அமேசான் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவில் அதைப் பயன்படுத்தியதை வீடியோவாகவே வெளியிட்டார். அதே ஆண்டு கூகுளின் சுந்தர் பிச்சை, ஒரு சுற்றாவது நேரில் நடக்கும் என்றார். நேரில் என்றால் பெங்களூரு அல்லது ஹைதராபாத். கள்ளத்தனம் குறையும், சரி. ஏரலிலிருந்து போய்வரும் டிக்கெட், ஒரு ராத்திரி தங்கும் செலவு யார் பொறுப்பு என்பதையும் அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிட்டால், ரிசல்ட் தெரியும் முன்பே வீட்டில் கடன் வாங்க வேண்டியிருக்காது.