கல்வெட்டில் இல்லாதவர்கள்

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருபவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். முன்பக்கத்தில் படம். பிறகு திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இவற்றை எமது இலக்கியக்காரர்கள் பொருட்படுத்தியது குறைவு. வீடுகளில் சாமிப்படங்களுக்குப் பின்னாலும் ட்றங்குப் பெட்டிகளிலும் கிடந்து கறையானுக்கு இரையாகின.

2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் இன்று இந்தக் கல்வெட்டுகள் 'நினைவு மலர்' என்ற பெயரில் இருக்கின்றன. பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், சனசமூக நிலைய வெளியீடுகள், பழைய பத்திரிகைகள் என்பனவும் உள்ளன. 1981 யூனில் எரிக்கப்பட்ட யாழ் பொது நூலகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் சொல்லித்தான் அழுகிறோம். சாதாரண சனத்தின் கடதாசிகள் அழிந்தது பெரும்பாலும் வீடுகளில்தான்: 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில், 2009இல் வன்னியில். அவற்றை யாரும் எண்ணிக் கணக்கிடவில்லை. அவ்வகையில் நூலகத்தின் பணி பெரிது. ஆனால் பெரிய பணி என்பதற்காக விமர்சனம் இல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போக முடியாது.

முதலில் கிடைப்பதைப் பார்ப்போம். மலாயாவில் கிளறிக்கல் வேலை செய்து பென்சனோடு திரும்பியவர், சுருட்டுக்கொட்டில் வைத்திருந்தவர், தென்னிலங்கையில் சைவக் கடை நடத்தி 1958இலோ 1977இலோ 1983இலோ அதை இழந்து ஊர் வந்தவர். அரசியல் வரலாற்று நூல்களில் இந்தக் கலவரங்கள் ஒப்பந்தங்களுடனும் தலைவர்களின் பெயர்களுடனும் வரும். கல்வெட்டில் அவை ஒரு கடையின் முடிவாக வரும். பத்துக் கல்வெட்டுகளை அடுத்தடுத்து வாசித்தால் ஒரு கிராமம் எங்கெங்கே போய்ப் பிழைத்தது, எப்போது துரத்தப்பட்டது என்பது துலங்கும். எந்தத் தலைவரின் சுயசரிதையும் இதைத் தராது.

இனிக் கிடைக்காததைப் பார்ப்போம். ஆண் இறந்தால் உத்தியோகம், இடமாற்றம், பதவியுயர்வு எல்லாம் ஆண்டுவாரியாக இருக்கும். பெண் இறந்தால் 'இன்னாரின் அருமைப் புதல்வி, இன்னாரின் பாசமிகு பாரியார், விருந்தோம்பலில் சிறந்தவர்' என்பதோடு வரலாறு முடிந்துவிடும். றெஸ்ரோரன்ற் குசினிகளில் கோப்பை கழுவும் எம் போன்றவர்களுக்கு 'விருந்தோம்பல்' என்ற சொல்லுக்குள் எத்தனை மணிநேர வேலை இருக்கிறது என்று தெரியும். ஐம்பது வருடம் அடுப்படியில் நின்றவளின் உழைப்பை ஒரு குணமாக்கி, வரலாற்றிலிருந்து கழற்றிவிடுகிறது அந்த ஒற்றைச் சொல்.

அடுத்தது சாதி. கல்வெட்டு அடிக்கக் காசு வேண்டும். வெண்பா பாட ஒரு புலவர் வேண்டும். புத்தகத்தை ஏற்று வீட்டுக்குக் கொண்டுபோகும் சபை வேண்டும். இவை எல்லாருக்கும் இருக்கவில்லை. தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957இல் வந்த பிறகும் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேத்தண்ணி ஊற்றிய ஊர் எங்களுடையது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் கதவைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் கோயில் மலர்களில் உபயகாரர் பட்டியல் இருக்கும். வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பட்டியல் இராது. கடைகளின் விளம்பரம் இருக்கும். அந்தத் தகரப் பேணி இராது. அதைத் தேடுகிறவர் கே. டானியலின் நாவல்களுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. வரலாறு எழுதாமல் விட்டதை ஒரு நாவலாசிரியர் சுமக்க நேர்ந்தது எமது வரலாற்றாசிரியர்களுக்குப் பெருமையல்ல.

1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் கடைக் கணக்குக் கொப்பிகளை, கலியாண அழைப்பிதழ்களை எந்தப் பெட்டியில் தேடுவது? பெட்டியையே எடுக்க விடாமல் அனுப்பினோம். 'எமது ஆவணங்கள் எரிக்கப்பட்டன' என்று சொல்லும் வாய் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எண்ணிமமாக்கல் இந்த இடைவெளிகளைத் தானாக நிரப்பாது. அச்சில் இருந்தவர் கொம்பியூட்டரிலும் இருப்பார். அச்சில் இல்லாதவர் இரண்டாம் தடவையும் காணாமற் போவார். நூற்பட்டியல் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, உள்ளடக்கம் என்று போகிறது. விளம்பரப் பக்கமும் நன்றி நவிலலும் அந்தப் பட்டியலில் எளிதில் அகப்படுவதில்லை. அன்றாட வாழ்வு பதுங்கியிருப்பதோ அங்கேதான். ஆகவே தலைப்பைத் தேடி இறக்கிக்கொண்டு போகும் வாசிப்பு போதாது. பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும்.

ஒரு ஆபத்தும் உண்டு. ஊர், குறிச்சி, யாருக்கு யார் பெண் கொடுத்தார் என்று எல்லாம் எழுதிய வம்சாவளி உலகம் முழுவதற்கும் திறந்து கிடக்கிறது. கலியாணம் பேசும்போது 'ஊரில் எவ்விடம்?' என்று சுற்றிவளைத்துக் கேட்கும் எம் புலம்பெயர் சமூகத்துக்கு இது சாதி விசாரிக்கும் புதிய கருவியாகவும் ஆகலாம். ஆவணம் நிரபராதி என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதற்காக மூடிவைக்கச் சொல்லவில்லை, கூட்டச் சொல்கிறேன். நூலகக்காரர்கள் 'ஆவணகம்' என்ற பெயரில் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறார்கள். அச்சேறாதவர்களுக்கு அதுவே வழி. பாரிஸிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் எமது அலுமாரிகளில் கிடக்கும் கல்வெட்டுகளை ஸ்கான் பண்ணிக் கொடுப்பது ஒரு வேலை. சுருட்டுச் சுற்றியவரையும் சீவல் தொழில் செய்தவரையும் தேத்தண்ணிக்கடையில் கோப்பை கழுவியவரையும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசவைத்துப் பதிவது அதைவிடப் பெரிய வேலை. முதலாவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இரண்டாவதற்கு, ஊரில் யாருடைய வீட்டு வாசலை நாம் மிதிக்கவில்லையோ அவர்களிடம் போய் உட்காரவேண்டும்.