விரல்கள் விரையும்போது மனம்

இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்சியின் சிறைக் குறிப்பேடுகளைத் திறப்பவர்கள் பெரும்பாலும் மேலாண்மை என்னும் பெருங்கருத்தைத் தேடித்தான் போகிறார்கள். அதிகாரம் தடியை மட்டும் நம்பி ஆள்வதில்லை. பள்ளி, தேவாலயம், செய்தித்தாள், சங்கம் எனப் பல வாசல்கள் வழியே மக்களின் சம்மதத்தைப் பெற்று ஆள்கிறது என்று காட்டும் அந்தப் பார்வையின் கம்பீரம் யாரையும் வணங்க வைக்கும். என்னைத் திரும்பத் திரும்பத் தன்பால் இழுப்பதோ 22ஆம் குறிப்பேட்டின் ஒரு சிறு பகுதி. அமெரிக்கத் தொழில்முறையையும் ஃபோர்டு முறையையும் ஆராயும் அந்த ஏட்டில் ஓர் அச்சுக்கோப்பவர் வருகிறார். அவரருகே சற்று நிற்போம், வாருங்கள்.

கிராம்சி நேரே அவரிடம் வந்துவிடுவதில்லை. இடைக்காலத்தில் ஏடுகளைப் படியெடுத்தவர்களிடமிருந்து தொடங்குகிறார். படியெடுப்பவருக்குத் தன் முன்னிருக்கும் நூலில் ஈடுபாடு பிறந்துவிடுகிறது. வாசிக்கிறார், யோசிக்கிறார், யோசித்ததெல்லாம் எழுத்தில் கசிகிறது. எங்கோ ஒரு சொல் அவருடைய வட்டார வழக்குக்கு மாறிவிடுகிறது. எங்கோ ஒரு கருத்து அவரறியாமல் திருந்திவிடுகிறது. சிந்திப்பவர் என்பதாலேயே அவர் மோசமான படியெழுத்தாளர்! எத்தனை கனிவான கவனிப்பு இது. டூரின் பல்கலைக்கழகத்தில் மத்தேயோ பார்த்தோலியிடம் மொழியியல் பயின்ற கிராம்சி, பிழைபட்ட ஓர் எழுத்துக்குப் பின்னால் உயிருள்ள ஒரு மனிதரைக் கண்டுகொள்கிறார்.

அச்சுக்கோப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஈய எழுத்துகளைப் பொறுக்கும் கை வேகமாக ஓட வேண்டுமானால், நூல் என்ன சொல்கிறது என்பதை அவர் மறந்தாக வேண்டும். எந்தத் தொழிலும் கேட்கும் உழைப்பில் மிகக் கடினமானது ஒருவேளை இதுதான் என்கிறார் கிராம்சி. அடுத்து வரும் திருப்பம்தான் என் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. மறந்ததால் மனம் செத்துவிடவில்லை. அசைவு உடலில் படிந்துவிட்ட பிறகு, மூளை முன்னைவிடச் சுதந்திரமாகிறது. நடக்கும்போது கால்களைப் பற்றி நாம் நினைப்பதில்லையே. நடந்துகொண்டே எதை வேண்டுமானாலும் நினைக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான்.

இரும்புக் கட்டி தூக்கும் வேலைக்குப் புத்தியுள்ள ஒரு கொரில்லாவைக்கூடப் பழக்கிவிடலாம் என்று எழுதியவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடெரிக் டெய்லர். அந்த இழிவுக்குக் கிராம்சி கோபத்தால் பதில் சொல்லவில்லை. அச்சுக்கோப்பவரின் விரல்களைக் காட்டுகிறார். 1919இல் ‘லோர்தினே நுவோவோ’ இதழை நடத்தி, டூரின் தொழிற்சாலை மன்றங்களோடு தோள் சேர்ந்து நின்றவர் கிராம்சி. இயந்திரத்தின் முன் நிற்பவர் சிந்திப்பவர் என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய நிலையில் அவர் இல்லை.

இந்தப் பகுதியின் முதல் வடிவம் தூரி சிறையில் எழுதிய 4ஆம் குறிப்பேட்டில் இருக்கிறது. 1934இல், ஃபோர்மியா மருத்துவமனையில் காவலுக்கு நடுவே, நலிந்த உடலோடு, அதை எடுத்து மீண்டும் எழுதினார். என்றைக்கு அச்சேறும் என்று தெரியாத பக்கங்களுக்கு இத்தனை சிரத்தை!

இந்த நுண்மையோடு பார்த்தால், அதே ஏட்டில் வரும் ஃபோர்டின் ஆலையும் புதிதாய்த் தெரிகிறது. 1914இல் நாளுக்கு 5 டாலர் தர முன்வந்த நிறுவனம், தொழிலாளியின் வீட்டுக்கும் ஆய்வாளர்களை அனுப்பியது: குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, குடும்பம் எப்படி நடக்கிறது என்றெல்லாம் பார்த்துவர. கூலியும் கண்காணிப்பும், இணங்க வைத்தலும் பணிய வைத்தலும் ஒன்றாகப் பின்னிய இந்த ஏற்பாட்டில், அமெரிக்காவில் மேலாண்மை தொழிற்சாலைக்குள்ளேயே பிறக்கிறது என்று கண்டார் கிராம்சி. நவீன அதிகாரத்தின் சூட்சுமத்தைச் சம்பள உறையிலும் வீட்டு வாசலிலும் தொட்டுக் காட்டும் இந்த நேர்த்திக்கு ஈடு சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அச்சுக்கோப்பவர் பற்றிய பகுதியை அவர் முடிக்கும் விதமும் அழகு. கை தானாக ஓடும்போது தொழிலாளிக்குச் சிந்திக்க நேரம் மிஞ்சுகிறது. வேலையில் நிறைவு கிட்டாத மனம், தன்னைக் கொரில்லாவாக்கப் பார்க்கிறார்கள் என்பதையும் உணர்கிறது. அதிலிருந்து முதலாளிக்கு உவப்பில்லாத எண்ணங்கள் முளைக்கலாம். இதைத் தன் கண்டுபிடிப்பாகக் கிராம்சி முழங்கவில்லை. அமெரிக்கத் தொழிலதிபர்களே இதை நன்றாகப் புரிந்துகொண்டு கவலைப்படத் தொடங்கிவிட்டார்கள் என்று அமைதியாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்.