ஆளுக்கு 12 நிமிடம்

சென்னைப் புறநகர்த் தொழிற்பட்டையில் யமஹாவின் இசைக்கருவி ஆலை 2019 முதல் இயங்குகிறது. கீபோர்டும் கிட்டாரும் அங்கே தயாராகின்றன. இசைத் தயாரிப்பு மென்பொருள்களில் மூத்த ஒன்றான க்யூபேஸை உருவாக்கிய ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனமும் 2005 முதல் அதே யமஹாவுக்குச் சொந்தம். கருவியைச் செய்கிற வட்டாரம் இது. ஆனால் அந்தக் கீபோர்டைக் கணினியில் சொருகி ஒரு பாட்டை எப்படி உருவாக்குவது என்று நேரில் உட்கார்ந்து கற்க, இங்குள்ள மறைமலை நகர்க்காரர் பெரும்பாலும் மின்சார ரயிலேறிக் கோடம்பாக்கம் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்த இடைவெளிக்குள் வந்து உட்கார்ந்திருப்பதுதான் ‘இரண்டு நாள் மியூசிக் ப்ரொடக்‌ஷன் ஒர்க்‌ஷாப்’. கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், கல்யாண மண்டபத்தின் மாடி, சர்ச் ஹால் என்று எங்கு வேண்டுமானாலும் நடக்கும். ‘நேரடிச் செய்முறைப் பயிற்சி’ என்று போஸ்டரில் இருக்கும். உள்ளே போனால் ஒரு புரொஜெக்டர், ஒரு மேக்புக், ஒரு பயிற்றுநர், எதிரே முப்பது லேப்டாப். இந்த ஏற்பாட்டில் எது செய்முறை, எது வெறும் காட்சி என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் இதன் நியாயம். இந்தக் கலை தமிழ்நாட்டில் பரவிய விதமே கதவடைத்த விதம். மின்னணு இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி என்ற பொது மொழி 1983-ல் வந்தது. மூன்றே ஆண்டுகளில், ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா யமஹாவின் சிஎக்ஸ்5எம் இசைக் கணினியைப் பயன்படுத்தினார். ஏ.ஆர். ரஹ்மான் 1989-ல் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிக்கூடத்தை அமைத்தார். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. அதன் பிறகு ‘கீபோர்டு புரோகிராமர்’ என்பது கோடம்பாக்கத்தில் ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அந்த வேலையை எங்கே கற்றார்கள்? ஒலிக்கூடத்தின் மூலையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, கேபிள் சுருட்டி, டீ வாங்கி வந்து, பெரியவர்கள் எழுந்து போன நேரத்தில் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்துக் கற்றார்கள். அந்த மூலை கிடைக்க யாராவது தெரிந்திருக்க வேண்டும். அப்பாவோ மாமாவோ வயலின் கோஷ்டியில் இருக்க வேண்டும். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இதை ஒரு பாடத்திட்டமாக்கியது பெரிய மாற்றம்தான். ஆனால் அது வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்க முடிந்தவர்களுக்கான வழி. சிங்கபெருமாள் கோவிலில் அறை எடுத்துத் தங்கி உதிரிபாகக் கம்பெனிக்குப் போகிற, சாயங்காலம் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு அது எட்டாது. இரண்டு நாள் பட்டறை எட்டும். சிபாரிசு கேட்காமல், பணம் கட்டினால் உள்ளே விடுகிற ஏற்பாடு நம் இசைச் சூழலுக்குப் புதிது. இதன் குறைகளைச் சொல்லுமுன் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சிக்கல், கதவு திறந்த பிறகு உள்ளே நடப்பதில் இருக்கிறது. திரையில் பயிற்றுநர் காட்டுவது எல்லாமே யூடியூபில் இருக்கிறது. தமிழிலேயே இருக்கிறது. நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஓட்டி, நள்ளிரவிலும் பார்க்கலாம். கம்ப்ரஸர் எப்படி வேலை செய்கிறது என்பதை மண்டபத்தின் பின்வரிசையிலிருந்து புரொஜெக்டரில் பார்ப்பவரைவிடக் கைப்பேசியில் பார்ப்பவர் தெளிவாகப் பார்ப்பார். யூடியூபால் முடியாதது ஒன்றுதான்: ‘உங்க மைக் ஏன் கேக்கல தெரியுமா? இன்புட் மாறியிருக்கு பாருங்க’ என்று தோளுக்குப் பின்னால் நின்று சொல்வது. பட்டறைக்கென்று தனியாக இருக்கும் ஒரே சரக்கு அதுதான். அதைத்தான் செலவைக் குறைக்க முதலில் வெட்டுகிறார்கள். ஒரு நாளில் 6 மணி நேர வகுப்பு, 30 பேர், ஒரே பயிற்றுநர் என்றால், அவர் வாயே திறக்காமல் சுற்றி வந்தாலும் ஆளுக்கு 12 நிமிடம். பாதி நேரம் விளக்கவுரை என்றால் 6 நிமிடம். அதில் ஒருவரின் டிரைவர் கோளாறைச் சரிசெய்யவே 20 நிமிடம் போய்விடும்; மூன்று பேருடைய பங்கு அங்கேயே காலி.

கோளாறு வருவது உறுதி என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பங்கேற்பாளர்களில் பாதிப்பேர் ப்ளூடூத் இயர்பட்ஸோடு வருவார்கள். படம் பார்க்க அது போதும். கீயை அழுத்தினால் சத்தம் காதுக்கு வரப் பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு மேலேயே தாமதமாகலாம். அதோடு தாளம் தட்டவே முடியாது. ‘எனக்கு ரிதம் வரல’ என்று ஒருவர் முதல் மணி நேரத்திலேயே தன்மேல் பழி போட்டுக்கொண்டு சோர்ந்து உட்காருவார். குற்றம் இயர்பட்ஸுடையது. வயர் உள்ள ஹெட்போன் கொண்டுவரச் சொல்லி அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கப் பைசா செலவில்லை. அடுத்தது பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் பஃபரை 1024 என்று வைத்தால் அதனால் மட்டும் 23 மில்லி விநாடி தாமதம். 128 என்றால் 3 மில்லி விநாடிக்கும் குறைவு, ஆனால் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் அப்போது கரகரவென்று இரையும். எந்த மெஷினுக்கு எந்த எண் ஒத்துவரும் என்பதை அந்த மெஷினை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். பயிற்றுநரின் மேக்புக்கில் இந்தப் பிரச்சினையே இல்லாததால் பாடத்திலும் அது இருப்பதில்லை.

மென்பொருள் தேர்விலும் இதே கதை. பயிற்றுநர் லாஜிக் ப்ரோவில் கை தேர்ந்தவர் என்பதால் லாஜிக்கில் காட்டுவார்; அது ஆப்பிள் சாதனங்களுக்கு வெளியே ஓடாது. எஃப்எல் ஸ்டூடியோ விண்டோஸில் ஓடும், பசங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதன் இலவச முன்னோட்டப் பதிப்பில் சேமித்த வேலையை, காசு கட்டி வாங்காமல் மறுபடி திறக்க முடியாது. சனிக்கிழமை ஆசை ஆசையாகச் செய்த பீட்டை ஞாயிறு காலையில் திறக்க முடியாமல் முழிக்கும் கூட்டத்துக்கு நடுவே, ஒரு பென்டிரைவ் கைமாறும். கிராக் காப்பி. திருட்டு என்ற பேச்சு ஒருபுறம் இருக்கட்டும். வைரஸோடு வந்து, அடுத்த அப்டேட்டில் படுத்துவிடும் ஒன்றின்மேல் ஒருவரைப் பழக்குவது பயிற்சியாகவும் மோசம். ரீப்பரை 60 நாள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். லேப்டாப்பே இல்லாதவருக்குக் கைப்பேசியில் ஓடும் பேண்ட்லேப் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு கற்றவர் கையில் எது இருக்குமோ அதில்தான் வகுப்பு நடக்க வேண்டும். பயிற்றுநருக்கு அது கொஞ்சம் அலுப்பாக இருக்கலாம்.

இதெல்லாம் திருத்தக்கூடிய குறைகள். ஆழமான குறை ஒன்று இசையிலேயே இருக்கிறது.

மென்பொருளைத் திறந்ததும் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி வேகம், நாலுக்கு நாலு தாளக்கட்டு என்று ஒரு காலிப் பக்கம் விரிகிறது. பயிற்றுநர் முதல் வேலையாக ஒரு ட்ரம் லூப்பை இழுத்துப் போடுவார். பத்து நிமிடத்தில் எல்லார் காதிலும் ‘டம் டம்’ என்று ஏதோ ஒன்று ஓடும், முகங்கள் மலரும். அந்த மலர்ச்சி பொய்யில்லை. ஆனால் பாட்டின் எலும்பு அந்த நிமிடமே வெளியிலிருந்து வந்துவிட்டது. இனி வருகிறவர் அதன்மேல் சதை வைக்கலாம், அவ்வளவுதான். இந்த வட்டாரத்தில் ஆடி மாதம் அம்மன் கோவில்களில் பம்பை, உடுக்கை கேட்டவர்களுக்குத் தெரியும்: சாமி வருகிற நேரத்தில் அடியின் வேகம் ஏறும். ஏறாவிட்டால் சாமி வராது என்றே சொல்வார்கள். 120-ல் பூட்டிய கட்டத்துக்குள் அந்த ஏற்றத்துக்கு இடமில்லை. ஒப்பாரிக்குத் தாளம் காட்டும் க்ளிக் ட்ராக்கே கிடையாது. கானா பாடுகிறவர் சொல்லை இழுத்து, நிறுத்தி, கேட்பவரைக் காக்க வைத்துப் பாடுவார்.

சுரத்திலும் இதே தகராறு. பியானோ ரோலில் ஸ்தாயிக்கு 12 கட்டம். தோடியின் காந்தாரம் எந்தக் கட்டத்திலும் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். மிடியின் பிட்ச் பெண்டில் 16,384 படிகள் உண்டு. வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் வரை வளைக்கலாம். ஆகக் கருவியால் முடியாதது என்றில்லை. ஆனால் மவுஸால் வளைவு வரைந்து கமகம் கொண்டுவருவது ஒரு சுரத்துக்கே அரைமணி நேர வேலை. அதைவிட, பாடத் தெரிந்தவரைப் பாடவிட்டுப் பதிவுசெய்வது நல்லது.

அதனால் என் வாதம் இது: பட்டறை லூப்பில் தொடங்கக் கூடாது, குரலில் தொடங்க வேண்டும். ஆளுக்கு அரைநிமிடம், தெரிந்த எதையாவது, க்ளிக் இல்லாமல், கைப்பேசி மைக்கிலாவது பதியட்டும். தாலாட்டோ, சர்ச் பாட்டோ, மேசையில் தட்டிய தாளமோ. பிறகு அந்தக் குரலின் வேகத்துக்கு மென்பொருளின் கட்டங்களை நகர்த்தக் கற்றுக்கொடுங்கள். ரீப்பரிலும் லாஜிக்கிலும் ஏபிள்டன் லைவிலும் டெம்போவை இடத்துக்கு இடம் மாற்றும் வசதி இருக்கிறது. அதை ‘அட்வான்ஸ்டு’ என்று ஒதுக்கிவைப்பது, நம் பாட்டுமுறைகளையே ‘அட்வான்ஸ்டு’ என்று ஒதுக்கிவைப்பதாகிவிடுகிறது. சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானாவையும் பறையையும் ராக்கோடும் ராப்போடும் வைத்துக் காட்டியது. அங்கே கித்தாரும் ட்ரம்ஸும் கானாவுக்கு இடம்விட்டன. கானா தன் நடையை விட்டுக்கொடுக்கவில்லை. முதல் நாளே லூப்புக்குப் பழகிய காது அந்த இடம்விடுதலைப் பிறகு கற்பது கடினம்.

எதிர்வாதம் உண்டு, லேசானதும் இல்லை. குரலில் தொடங்கினால் கூச்சப்படுகிறவர்கள் பின்வாங்குவார்கள். லூப் கூச்சத்தை உடைக்கிறது. பாடத் தெரியாத, எந்தக் கருவியும் வாசிக்காத பையன் லூப்புகளை அடுக்கியே இசைக்குள் வருகிறான், ஹிப்ஹாப்பின் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். சரி. ஆனால் அந்தப் பையனுக்கும் யாரோ விற்ற லூப்பைக் கொடுப்பதற்குப் பதில், அவன் வேலை செய்யும் ஊரின் சத்தத்தை வெட்டி லூப்பாக்கச் சொல்லலாமே. ஜிஎஸ்டி சாலையில் கம்பெனி பஸ் பிரேக் போடும் சத்தம் ஒன்று போதும்.

பயிற்சி என்றால் என்ன என்று இந்தத் தொழிற்பட்டைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜப்பானிய முறையைப் பின்பற்றும் கார் ஆலைகளில் ‘டோஜோ’ என்றொரு பயிற்சிக்கூடம் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவரை லைனில் நிறுத்துமுன் அங்கே ஒரு போல்ட்டை ஒரே மாதிரி முடுக்கவைப்பார்கள். கை தானாகப் போகும்வரை அதேதான். ஆலை முழுவதையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டிவிட்டு ‘இனி நீயே கார் செய்’ என்று யாரும் விடுவதில்லை. இசைப் பட்டறையோ முதல் நாள் மதியத்துக்குள் ரெக்கார்டிங், எடிட்டிங், சிந்தசைஸர், மிக்ஸிங் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, மறுநாள் மாஸ்டரிங்குக்குப் போய்விடுகிறது. மாஸ்டரிங், நல்ல அறையில் ஆண்டுக்கணக்கில் காதைப் பழக்கியவர் செய்யும் வேலை. எதிரொலிக்கும் மண்டபத்தில் முப்பது பேருக்கு அதைக் காட்டுவது விளம்பரத்துக்குத்தான் உதவும். பதிவு, வெட்டு, ஒட்டு, இரண்டு ட்ராக்கின் சத்தத்தைச் சமன்செய்தல்: இந்த நான்கையும் கை பழகும்வரை செய்தால் இரண்டு நாள் போதாது. டோஜோவின் ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாதுதான். அங்கே நோக்கம் எல்லார் கையும் ஒன்றுபோல ஆவது. இங்கே அப்படி ஆகிவிட்டால் பட்டறையே வீண்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு காலை 10 முதல் மாலை 6 வரை என்பது ஐடி ஊழியரின் வாரம். ஷிப்ட் மாறிமாறி வருகிறவருக்குச் சனிக்கிழமை வேலைநாள். ஞாயிறு துணி துவைக்க, தூங்க, ஊருக்குப் போன் பேச. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலைபார்க்கும் பெண்களில் பலர் விடுதியில் இருக்கிறார்கள். கேட் மூடும் நேரம் அவர்கள் கையில் இல்லை. ஆகப் பட்டறைக்கு வருவது யார்? பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள். அவர்களிலும் ஒரு பகுதி ‘ஆன் டூட்டி’ வருகைப்பதிவு கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும் என்று வந்தவர்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், கல்லூரி அப்படிப் பழக்கியிருக்கிறது. ஆனால் வருகைக்கே சான்றிதழ் கொடுத்துவிட்டால், யாரும் எதையும் முடித்துக் காட்டத் தேவையில்லாமல் போகிறது. ஒரு நிமிடப் பாட்டு ஒன்றைச் சொந்தமாக முடித்து, எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டியவருக்கு மட்டும் சான்றிதழ் என்று வைத்துப் பார்க்கலாம். கூட்டம் பாதியாகும். அது நல்லதுதான், 12 நிமிடம் 24 ஆகும்.

அதே 12 மணி நேரத்தை வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரமாக ஆறு வாரத்துக்குப் பிரிக்கலாம். ஏ ஷிப்ட்காரர்களுக்கு மாலையிலும் பி ஷிப்ட்காரர்களுக்குக் காலையிலும் அதே பாடத்தை இரண்டு முறை நடத்தலாம். நடுவில் உள்ள நாட்களில் அவரவர் அறையில் முட்டிமோதி, சந்தேகத்தோடு திரும்பி வருவார்கள். அந்தச் சந்தேகங்கள்தான் அடுத்த வகுப்பின் பாடம்.

செலவு யார் தருவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கூடுதலாக நான்கு உதவியாளர்களை அமர்த்தினால் கட்டணம் ஏறும், ஏறினால் ஷிப்ட் தொழிலாளி வரமாட்டார். மென்பொருள் விற்பவர் புரவலராக வந்தால் அவர் பொருளைத்தான் கற்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்து செலவில்லாத வழி ஒன்றே: சென்ற முறை கற்று ஒரு பாட்டை முடித்தவர்களில் ஐந்து பேரைக் கட்டணமில்லாமல் உள்ளே அழைத்து, ஆறு லேப்டாப்புக்கு ஒருவராக நிறுத்துவது. டிரைவர் பிரச்சினையில் சிக்கி மீண்ட நினைவு அவர்களுக்கு இன்னும் ஆறியிருக்காது. கம்ப்ரஸர் பற்றி அவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. இன்புட் எங்கே மாறிக்கிடக்கும் என்பது நன்றாகத் தெரியும்.