முள்ளிவாய்க்காலில் ஒதுங்கிய படகும் சட்டத்தின் தவணைகளும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 19ஆந் திகதி, வாடைக்காற்று அடங்காத நாட்களில், நூறு பேருக்கு மேல் ஏற்றிய படகொன்று முள்ளிவாய்க்கால் கரையை வந்தடைந்தது. வந்தவர்கள் மியன்மாரின் ரக்கைன் மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ரோகிங்கியா மக்கள். அவர்களுட் பெண்களும் குழந்தைகளும் பலர். அவர்களை முதலிற் கண்டவர்கள் கடற்றொழிலாளர். உணவும் தண்ணீரும் கொண்டு ஓடியவர்கள் அக்கரையில் வாழ்கின்ற குடும்பத்தினர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே மணலிற் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்தவர்களுக்குப் பசித்து வந்தவனின் முகக்குறிப்பை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதன்பின் அரசாங்கம் செய்தவற்றுட் பாராட்டத்தக்கனவும் உண்டு. அவற்றை முதலிற் சொல்லிவிடுவதே நியாயம். கடற்படையினர் அவர்களைப் பத்திரமாகத் திருகோணமலைக்குக் கொண்டு சேர்த்தனர். நீதவான் முன்னிலையில் விஷயம் தாமதமின்றி வைக்கப்பட்டது. படகை நடத்தியவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட பன்னிருவர் விளக்கமறியலில் வைக்கப்பட, ஏனையோர் சில நாள் பாடசாலையொன்றிலே தங்கவைக்கப்பட்டனர். 2022 டிசம்பரிலும் வெற்றிலைக்கேணிக் கடலில் மூழ்கும் நிலையிலிருந்த படகிலிருந்து 104 பேரை இதே கடற்படைதான் மீட்டு, காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தது. கடலிலே தத்தளிப்பவனைக் கைதூக்கிவிடும் காரியத்தில் இந்நாட்டு அரசாங்கம் திறமையற்றது என்று எவரும் சொல்ல முடியாது. திறமை குன்றுவது கரையேறிய பிறகு, காகிதங்கள் தொடங்குகிற இடத்தில்.

டிசம்பர் மாதம் முடியுமுன் அம்மக்கள் மீண்டும் முல்லைத்தீவு மாவட்டத்துக்கே கொண்டுவரப்பட்டு, கேப்பாபிலவு விமானப்படை முகாமில் வைக்கப்பட்டனர். கேப்பாபிலவு என்ற பெயரை வன்னியார் எவரும் எளிதில் மறவார். 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபோது சொந்தக் கிராமத்துக்குத் திரும்ப விடப்படாமற் சீனியாமோட்டையில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவ்வூரார். 2017 ஜனவரி 31ஆந் திகதி தொடக்கம் விமானப்படை முகாம் வாசலிற் பிலக்குடியிருப்பு மக்கள் குழந்தைகளோடு பனியிலும் வெயிலிலும் அமர்ந்திருந்து, மார்ச் முதலாந் திகதி தங்கள் காணிகளை மீட்டெடுத்தனர். வீடிழந்தவர்கள் நின்று கேட்ட அதே ஊரில் இப்போது நாடிழந்தவர்கள் அடைக்கப்பட்டனர். அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள், இதன் பின்னே ஆட்கடத்தற் கும்பலொன்று இருக்கிறது, மியன்மார் அரசுடன் பேசி அவர்கள் திருப்பியனுப்பப்படுவர் என்ற கருத்தைப் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால பகிரங்கமாக வெளியிட்டார். மேலும் ஓர் இலட்சம் பேர் வரக்கூடும் என்ற புலனாய்வுத் தகவலும் சொல்லப்பட்டது. தனித்தனி மனிதரின் வரலாறு விசாரிக்கப்படுவதற்கு முன்னரே மொத்தக் கூட்டத்துக்குமான முடிவு அறிவிக்கப்பட்டது என்பதே என் முதற் குற்றச்சாட்டு. விசாரணை தீர்ப்புக்கு முன் நிகழவேண்டும் என்ற சாதாரண விதியை ஒரு கிராமத்து மத்தியஸ்த சபைகூட மீறத் தயங்கும்.

இனி நான் ஆராயப் புகுவது, நாடுகடத்தல் வழக்குகளைச் சட்டத்தின் தவணைகளுக்குள் அடக்குகின்ற வழக்கத்தை. தவணை என்பது தன்னளவில் நல்ல ஏற்பாடு. வரையறையற்ற காத்திருப்பு மனிதனைத் தின்றுவிடும் என்பதைப் பூசா, மகசின் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் வழக்குப் பதியப்படாமல் இருந்தவர்களின் தாய்மார் அறிவர். கைதுசெய்யப்பட்டவனை நீதவான்முன் இருபத்துநான்கு மணிநேரத்துக்குள் நிறுத்தவேண்டும் என்ற குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் விதி எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று கணக்கெடுக்க இயலாது. அரசுக்கும் அதனால் நன்மை உண்டு. உரிய காலத்தில் முடிக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்தாலன்றி எந்தத் திணைக்களமும் கோப்பைத் தானாகப் புரட்டாது.

ஆனால் இலங்கையின் சட்டம் தவணைகளை எவர்மீது சுமத்தியிருக்கிறது என்று பார்த்தால், நியாயத்தின் தராசு ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பது புலனாகும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச்செய்ய வேண்டும் என்கிறது. அதே உறுப்புரை, அம்மனுவை இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. முதலாவது தவணை இறுக்கமாகப் பிரயோகிக்கப்பட்டு வருகிறது. இரண்டாவது தவணையோ கட்டாயமானதன்று, வழிகாட்டுவது மாத்திரமே என்று பொருள்கொள்ளப்பட்டு, ஆண்டுகள் பல கழிந்து தீர்ப்பு வருவதே வழக்கமாகிவிட்டது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டமோ, அகற்றற் கட்டளையின்கீழ் ஒருவரை அதிகபட்சம் எவ்வளவு காலம் தடுத்துவைக்கலாம் என்று வரையறுத்துச் சொல்லவில்லை. பலவீனனுக்கு ஒரு மாதம், பலவானுக்குக் காலமே இல்லை என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள்.

இதைவிட ஆழமான குறையொன்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைக்குள்ளேயே இருக்கிறது. கைதும் தடுப்பும் பற்றிய பாதுகாப்புகளையெல்லாம் எடுத்துக்கூறும் அவ்வுறுப்புரை, தன் ஏழாவது பந்தியில், அகற்றற் கட்டளையாலோ நாடுகடத்தற் கட்டளையாலோ நேரும் தடுப்பு அவ்வுறுப்புரைக்கு முரணானதாகாது என்று கதவைச் சாத்திவிடுகிறது. அப்பந்தியிற் குடிவருவோர், குடியகல்வோர் சட்டத்தோடு 1967ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க இந்திய இலங்கை உடன்படிக்கை நிறைவேற்றச் சட்டமும் பெயர் குறித்துச் சொல்லப்பட்டிருப்பதை வன்னியிலுள்ளோர் ஒருகணம் நின்று வாசிக்கவேண்டும். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுமென்றும், காரியம் பதினைந்து ஆண்டில் முடியவேண்டுமென்றும் முடிவாயிற்று. அதுவும் ஒரு தவணைதான். அத்தவணையை இரண்டு அரசாங்கங்களும் நிறைவேற்றவில்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோயிற்று. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. அரசாங்கங்கள் தவறவிட்ட தவணைக்குத் தண்டனை அனுபவித்தவர்கள் தோட்டத் தொழிலாளர். 1977ஆம் ஆண்டு வன்முறையின்பின் மலையகத்திலிருந்து வெளியேறி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மிடையே வாழ்கிறார்கள். நாடுகடத்தல் என்பது அயலாருக்கு மாத்திரம் நேரும் விஷயம் என்று எண்ணுபவர், தம் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

ஒருமாதத் தவணையின் கடுமையைத் தணிக்கும் வழிகள் இரண்டை நம் சட்டமே வைத்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தடுப்பிலிருக்கும் ஒருவருக்கு அந்தக் கட்டுப்பாடு நீங்கிய பின்னரே மாதம் எண்ணப்படவேண்டும் என்ற கருத்தைப் பிரதம நீதியரசர் சர்வானந்தா எண்பதுகளின் பிற்பகுதியில் நிலைநாட்டினார். அது பெருமைக்குரிய தீர்ப்பு. ஆனால் தடுப்பு நீங்குவதே விமானமேறும்போதுதான் என்றால் அத்தீர்ப்பால் யாருக்குப் பிரயோசனம்? மற்றது, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அவ்விசாரணை நிலுவையிலுள்ள காலம் அந்த ஒரு மாதத்திற் சேர்க்கப்படாது. அதாவது, மொழி தெரியாத, சட்டத்தரணியை அறியாத, கொழும்புக்கு எத்தனை மைல் என்றும் தெரியாத ஒரு ரோகிங்கியாத் தாய்க்கு, முகாமுக்குள் வந்து தன்னிடம் வாக்குமூலம் கேட்டு எழுதுகின்ற ஓர் ஆணைக்குழு அதிகாரியே கடிகாரத்தை நிறுத்தக்கூடிய மனிதர்.

டிசம்பர் 26ஆந் திகதி அந்த அதிகாரிகள்தாம் கேப்பாபிலவு வாசலில் உள்ளே விடப்படாமல் நிறுத்தப்பட்டனர். குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. தடுத்துவைக்கப்பட்டோர் எங்கே இருந்தாலும் அங்கே சென்று பார்வையிடும் அதிகாரத்தை ஆணைக்குழுவுக்குப் பாராளுமன்றமே வழங்கியிருக்க, ஒரு திணைக்களத்தின் கடிதம் அதற்கு மேலானது என்று முகாம் வாசலில் நின்றவர் எண்ணினார் என்றால், அவ்வெண்ணம் அவருடையதன்று. மேலிருந்து வந்த பழக்கம். பிற்பாடு ஆணைக்குழு உள்ளே சென்று, அம்மக்களைக் கண்டு, அவர்களைத் திருப்பியனுப்பலாகாது என்று அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தது உண்மையே. ஆயினும் தவணை ஓடிக்கொண்டிருக்கும் வழக்கில், கதவை ஒருநாள் அடைத்தாலும் அது பரிகாரத்தின் ஒரு பகுதியை அபகரித்ததாகும். திறமையின்மையும் அநீதியும் வேறுவேறு என்று நாம் பேசிக்கொள்கிறோம். அவ்வாசலில் அவை ஒன்றாகவே நின்றன.

நாடுகடந்த தமிழரின் வழக்குகளிலும் இதே உண்மை தெரிகிறது. 1987இல் பிரித்தானியாவிற் புகலிடம் கேட்ட ஐந்து இலங்கைத் தமிழர் 1988 பெப்ரவரியிற் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். மேன்முறையீடு செய்யும் உரிமை, நாட்டைவிட்டு அகற்றப்பட்ட பிறகே அவர்களுக்கு இருந்தது. 1989 மார்ச்சில் அம்மேன்முறையீடு அவர்கள் பக்கமே தீர்ந்து, ஒக்டோபரில் அவர்கள் மீண்டும் லண்டன் சேர்ந்தனர். அந்த இடைக்காலத்தில் அவர்களுட் சிலர் பட்டவற்றை எந்தத் தீர்ப்பும் திருப்பிக்கொடுக்கவில்லை. இதற்கு மாறாக, அவுஸ்திரேலியாவின் பிலோயலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை ஏற்றிப் புறப்பட்ட விமானம், 2019 ஓகஸ்ட் மாத இறுதியில், வானிற் பறந்துகொண்டிருக்கையிற் பிறந்த தடையுத்தரவினால் டார்வினில் இறங்கியது. இளைய குழந்தையின் விண்ணப்பத்தில் நியாயமான நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று 2020இல் நீதிமன்றம் கண்டது. 2022 ஓகஸ்டில் அக்குடும்பம் நிரந்தர வதிவுரிமை பெற்றது. ஒரு வழக்கிற் தவணை தோற்றது, மற்றதில் வென்றது. இரண்டையும் பிரித்தது, நீதிமன்றத்தின் தலையீடு நாட்டைவிட்டு அகற்றப்படுமுன் வந்ததா பின் வந்ததா என்பதே. அமெரிக்காவிலும் 2025 மார்ச்சில், அனுப்பக்கூடாது என்று 2019இலேயே குடிவரவு நீதிபதி தடுத்திருந்த ஒருவரை எல் சல்வடோருக்கு அனுப்பிவிட்டு, நிர்வாகத் தவறு என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. அவரை ஏப்பிரல் 7ஆந் திகதி நள்ளிரவுக்குள் திருப்பிக் கொண்டுவருமாறு நீதிபதி இட்ட தவணை கடந்துபோக, ஜூன் மாதத்தில்தான் அவர் திரும்பினார். செல்வமும் கணினியும் நிரம்பிய நாட்டிலும் நிலைமை இதுவென்றால், கோளாறு வறுமையினால் வந்ததன்று.

நீதிமன்றம் தவணை விதித்தாற் போதும் என்ற நம்பிக்கையை வன்னி மக்கள் நெடுங்காலத்துக்கு முன்பே இழந்துவிட்டனர். 2009 மே மாதத்தில் வட்டுவாகற் பக்கமாக இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர்களுக்காக 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுக்களுக்கு, 2022 டிசம்பரில்தான் தீர்ப்புக் கிடைக்கத் தொடங்கியது. ஆளை முன்னிலைப்படுத்துக என்ற கட்டளையால் ஒரு தாயும் தன் மகனைக் காணவில்லை. 2019 செப்டெம்பரில் நீராவியடிப் பிள்ளையார் கோயிலருகே நீதிமன்றக் கட்டளை, இட்ட அன்றே பகிரங்கமாக மீறப்பட்டது. 2023 செப்டெம்பரில் முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா, உயிரச்சுறுத்தல் உண்டென்று கூறிப் பதவி துறந்து வெளிநாடு சென்றார். நீதிபதியே இவ்வாறு வெளியேற நேர்ந்த மாவட்டத்திற்தான் புகலிடம் தேடி வந்தோரின் தவணை எண்ணப்படுகிறது.

அரசாங்கத்தின் பக்கத்து நியாயங்களையும் தள்ளிவிட நான் விரும்பவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் இலங்கை சேரவில்லை. பொருளாதாரம் சரிந்து எழமுயலும் நாடு. ஆட்கடத்தல் உண்மையான, கொடிய தொழில். நம் பிள்ளைகளையே அவுஸ்திரேலியா என்று ஆசைகாட்டிக் கடலுக்குள் அனுப்பிய தரகர்களை நாம் அறிவோம். ஆயினும் தரகனைத் தண்டிப்பதற்குப் படகிலிருந்த குழந்தையை நாடுகடத்துவது வழியாகாது. சமவாயத்திற் சேராவிட்டாலும், சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை 1994இற் சேர்ந்தது. சித்திரவதை நேரும் என்று நம்பப் போதிய காரணமுள்ள இடத்துக்கு எவரையும் அனுப்பலாகாது என்பது அதன் மூன்றாம் உறுப்புரை. வலிந்து காணாமலாக்கப்படும் ஆபத்துள்ள நாட்டுக்கு ஒருவரை அனுப்புவதை 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் தடுக்கிறது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரக் கொட்டகைகளிற் பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்திருக்கும் தாய்மாரின் கண்ணீரோடு சேர்ந்து பிறந்த சட்டம் அது. திருப்பியனுப்பப்பட வேண்டிய நாடோ, 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களைத் தன் பிரஜைகள் அல்லர் என்று ஒதுக்கிய நாடு. 2017இல் ஏழு இலட்சம் பேருக்கு மேல் உயிர்பிழைக்க ஓடிய நாடு. 2020 ஜனவரியில் ரோகிங்கியாக்களை இனப்படுகொலையிலிருந்து பாதுகாக்குமாறு சர்வதேச நீதிமன்றம் கட்டளையிட்டதும் அந்நாட்டுக்கே.

ஆகவே என் தீர்ப்பு இது: தவணைகளை நீக்கவேண்டியதில்லை, அவற்றை அதிகாரத்தின் தோள்மீதும் ஏற்றவேண்டும். அகற்றற் கட்டளையின்கீழ் வைக்கும் தடுப்புக்கு உச்ச எல்லையை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதுக. கட்டளை பிறந்த நாளுக்கும் அனுப்பும் நாளுக்கும் இடையில், சம்பந்தப்பட்டவருக்கு விளங்கும் மொழியில் அறிவித்தலும் சட்டத்தரணியைக் காணும் அவகாசமும் கட்டாயமாக்குக. முறைப்பாடு நிலுவையில் இருக்கும்வரை எவரையும் நாட்டைவிட்டு அகற்றலாகாது என்று ஒரு வரி சேர்க்குக. பதின்மூன்றாம் உறுப்புரையின் ஏழாவது பந்தியைப் புதிய அரசியலமைப்பு எழுதுவோர் நீக்குக. 2025 ஜனவரியில் அம்மக்களை அனுப்பாதே என்று முல்லைத்தீவு வீதியில் இறங்கிக் கேட்டவர்கள், இக்கோரிக்கைகளைத் தங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும் என்றும், வவுனியா, முல்லைத்தீவுச் சட்டத்தரணிகள் அடுத்த படகு வருமுன் அதற்கான மனுவின் படிவத்தையும் மொழிபெயர்ப்பாளர் பட்டியலையும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.