மயிலுக்குப் போர்வை, மனைவிக்கு?

பழனி மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும்பேகனை மயிலுக்குப் போர்வை தந்த வள்ளலாகப் பள்ளிப் பருவத்திலேயே அறிகிறோம். அவனைப் பற்றிய இன்னொரு செய்தியை நாம் மெல்லக் கடந்துவிடுகிறோம். அவன் தன் மனைவி கண்ணகியைக் கைவிட்டு வேறொருத்தியை நாடினான். அவள்பொருட்டுக் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் பாடிய ஐந்து பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை அமைந்துள்ளன.

பரிசில் பெற வந்த புலவர்கள் இங்கே பொன்னையும் பொருளையும் ஒதுக்குகிறார்கள். வறுமை தங்களை விரட்டி வரவில்லை என்கிறார் பரணர். இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் தீர்ப்பதே தாம் வேண்டும் கொடை என்கிறார். அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் வாசமும் பூவும் துறந்த அவள் கூந்தலைச் சுட்டி அதையே இரக்கிறார்கள். இல்லத்தின் உள்ளறையில் ஒரு பெண் படும் துயரம் அவையில் பேசத்தக்கதே என்று துணிந்ததில்தான் இப்பாடல்களின் பெருமை இருக்கிறது. தொகுத்தோர் இவற்றைப் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தின் பகுப்பில், வைத்ததும் கருதத்தக்கது.

ஐந்தனுள் 144ஆம் பாடலே சிறந்தது என்பது என் கருத்து. கபிலர் பாட்டில் அவள் விம்மி அழுகிறாள். பரணரின் இப்பாட்டிலோ கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பேசுகிறாள். தான் அவனுக்கு உறவினள் அல்லள் என்றும், அவன் வேறொருத்தியை விரும்பி நாளும் செல்வதாகப் பலரும் கூறுகிறார்கள் என்றும் அவளே சொல்கிறாள். பிற பாடல்கள் இரக்கத்தை எழுப்புகின்றன. இது உண்மையை அவள் வாயிலிருந்தே கேட்கச் செய்கிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. நால்வரும் பேகனையே வேண்டுகிறார்கள். அவன் திரும்பினால் அவள் ஏற்பாளா, எந்த உறுதியின்மேல் ஏற்பாள் என்று எவரும் வினவவில்லை. இக்குறை நம் ஆயர்பணியிலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிந்த தம்பதியரைச் சேர்த்து வைத்ததும் பணி முடிந்ததென எண்ணுகிறோம். திருமண முன்தயாரிப்பு வகுப்புகளில் திருச்சபைச் சட்டத்தை விரிவாகக் கற்பிக்கிறோம். மனைவியின் களைப்பு, வலி, அச்சம், விருப்பமின்மை ஆகியவற்றைப் பேச நாணுகிறோம்.

நம் மரபு இவ்வளவு நாணவில்லை. கணவனின் கடமையையும் மனைவியின் கடமையையும் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் (7ஆம் அதிகாரம்) ஒரே அளவுகோலால் அளக்கிறார். துணைவரின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதியாமல் சுமத்தப்படும் உறவு மெய்யான அன்புச் செயல் ஆகாது என்று 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தம் சுற்றுமடலின் 13ஆம் பிரிவில் கற்பித்தார். 'அன்பின் மகிழ்வு' மடலில் (2016) திருத்தந்தை பிரான்சிஸ் அதை நினைவூட்டியதோடு, பாலியல் கல்வி தேவை என்பதையும் தெளிவாக ஏற்றார்.

பேகனின் தேர் திரும்பி வருவதாகவே கொள்வோம். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது முதல், பல பெண்களுக்கு நோய் சொந்தக் கணவராலேயே வந்தது என்பதை நாம் அறிவோம். எனவே திரும்பி வருபவன் பூவோடு உண்மையையும் கொண்டுவர வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அவள் மனம் தேறும்வரை காத்திருக்க வேண்டும். அவள் அதைக் கேட்பது நம்பிக்கையின்மை அன்று. தன் உயிரையும் பிள்ளைகளையும் காக்கும் கடமை.

தோகை போர்த்த மயில் பேகனிடம் எதையும் கேட்கவில்லை. அதன் குளிரை அவனே எண்ணிக்கொண்டு கொடுத்தான். மனைவியிடம் அப்படி எண்ணிக்கொள்வது போதாது. அவளைக் கேட்க வேண்டும். மணமேடைக்கு வரும் நம் இளைஞருக்கு இதை முன்னதாகவே சொல்லும் துணிவை அந்த நான்கு புலவர்களிடமிருந்து நாம் கற்போமாக.